பதினேழாம் போர்டில் துண்டு

பதினேழாம் எண்ணுக்கு நேரே சிவப்புக் கட்டம் இருந்தது. காலை பத்து மணிக்கும் இருந்தது, பத்தே காலுக்கும் இருந்தது. இடைப்பட்ட நேரத்தில் அந்த முன்பதிவுப் பக்கத்தை எத்தனை முறை புதுப்பித்துப் பார்த்தாள் என்று கணக்கெடுத்தால் அவளுக்கே வெட்கமாகிவிடும்.

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ‘அவசரம்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. லிஃப்ட் வருவதற்குள் நாலு மாடியும் படியேறிவிடுவாள். ஏறி முடித்த பிறகுதான் பையை லிஃப்ட் வாசலிலேயே வைத்துவிட்டு வந்தது ஞாபகத்துக்கு வரும். எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவாள். பாதி நேரம் அது வேறு கேள்விக்கான பதிலாக இருக்கும்.

ஆனால் இன்று அவசரப்பட நியாயம் இருந்தது. மாலை ஆறு மணிக்குள் ஆய்வுக் கட்டுரையை அனுப்பியாக வேண்டும். பன்னிரண்டு பக்கமும் தயார். எட்டாம் பக்கத்தில் மட்டும் ஒரு வரைபடத்துக்கான இடம் வெள்ளையாகக் கிடந்தது. அந்தப் படம் இல்லாமல் கட்டுரை இல்லை. கட்டுரை இல்லாவிட்டால், மாதக் கடைசியோடு முடிகிற அவளுடைய வேலை ஒப்பந்தத்தை நீட்டிக்க யாருக்கும் கிறுக்குப் பிடித்திருக்கவில்லை.

படம் கீழ்த்தளத்திலிருந்து வரவேண்டும். அங்கே குளிரூட்டிய அறை ஒன்றில் நாற்பது போர்டுகள் அடுக்கடுக்காகச் செருகியிருந்தன. விநோதமான பிறவிகள் அவை. சாதாரணச் சிப்புக்குப் பிறக்கும்போதே தலையெழுத்தை எழுதிவிடுகிறார்கள். கூட்டச் சொன்னால் ஆயுளுக்கும் கூட்டிக்கொண்டிருக்கும். இந்தப் போர்டில் இருக்கிற சிப்பின் தலையெழுத்தை நாமே எழுதலாம், அழித்துவிட்டு மறுபடியும் எழுதலாம். எந்த மின்சுற்றை ஏற்றுகிறோமோ அதுவாகவே மாறிவிடும். அதோடு எந்தக் கணினிக்குள்ளும் அடைந்து கிடக்காமல் நேராக நெட்வொர்க் கம்பியிலேயே மாட்டியிருக்கும். ஆகவே யார் வேண்டுமானாலும், எந்த மூலையிலிருந்து வேண்டுமானாலும், முன்பதிவு செய்து தன் சுற்றை ஏற்றிப் பார்க்கலாம்.

அவள் எழுதியிருந்தது ஒரு சல்லடை. ஆயிரக்கணக்கான கணினிகள் வரிசையாக நிற்கும் பெரிய கூடங்களுக்குள் வெளியிலிருந்து தகவல் கொட்டிக்கொண்டே இருக்கிறதல்லவா, அதை வாசலிலேயே சலித்துக் குப்பையைத் தள்ளிவிட்டு மீதியை மட்டும் உள்ளே விடுகிற சுற்று. எத்தனை வேகத்தில் சலிக்கிறது என்பதைக் காட்டுவதுதான் அந்த வெள்ளை இடத்தின் வேலை. அதற்குப் புது ரகப் போர்டு வேண்டும். நாற்பதில் புது ரகம் இரண்டே இரண்டு. பதினாறாம் போர்டு பழுது பார்க்கப் போயிருந்தது. பதினேழில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

‘பிடித்திருப்பவர்: 31’ என்று மட்டும் திரை சொன்னது. முன்பெல்லாம் பெயரைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருடம் முன்னால் போர்டை விடாத ஒருவரும் போர்டு கிடைக்காத ஒருவரும் கான்டீனில் சட்டையைப் பிடித்துக்கொண்டதிலிருந்து பெயர் போய் எண் வந்தது. அதுவும் முன்பதிவுக்கு முன்பதிவு மாறும் எண்.

முப்பத்தொன்றுக்கு அவள் பணிவாக ஒரு செய்தி அனுப்பினாள். இரண்டே மணி நேரம் போதும், பெரிய உதவியாக இருக்கும் என்றாள். பதில் இல்லை. ஐந்து நிமிடம் கழித்துக் கொஞ்சம் பணிவு குறைந்த செய்தி ஒன்று போனது. அதற்கும் பதில் இல்லை. வரிசையில் தன் பெயரைப் போட்டாள்; அவள்தான் முதல் ஆள். அதில் ஒரு சுகமும் இல்லை. முப்பத்தொன்று எழுந்தால்தானே முதல் ஆளுக்கு மரியாதை.

அவளுடைய குழுவுக்குத் தலைவரான கைடைக் கூப்பிட்டாள். அவர் மாநாட்டுக்குப் போகிற விமானத்தில் இருந்தார். போன் அணைந்திருந்தது. மத்தியானத்துக்கு மேல்தான் தரையிறங்குவார்.

உட்கார முடியவில்லை. படியிறங்கிக் கீழ்த்தளத்துக்கு ஓடினாள்.

போர்டு அறையின் பொறுப்பாளரை எல்லோரும் ‘சட்டம்’ என்பார்கள். விதிகளை அவரே அச்சடித்துச் சுவரில் ஒட்டி, ஒட்டியதை மனப்பாடமும் செய்து வைத்திருந்தார். மற்றபடி தங்கமான மனிதர்.

“பதினேழு யார்கிட்ட இருக்குன்னு மட்டும் சொல்லுங்கண்ணா.”

“எனக்கே தெரியாது மேடம். விதி நாலு.”

“தெரியாட்டிப் பரவாயில்லை. பிடுங்கி எனக்குக் குடுத்துடுங்க.”

அவர் அவளை அடுக்குக்கு முன்னால் அழைத்துப் போய்ப் பதினேழாம் போர்டைக் காட்டினார். பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. விளக்கு சிமிட்டினால் வேலை நடக்கிறது என்று அர்த்தம், நடக்கிற வேலையில் கை வைத்தால் தன் வேலை போய்விடும் என்று விளக்கினார். அவள் முகத்தைப் பார்த்து அவருக்கே இரக்கமாகப் போயிருக்க வேண்டும். ஐந்தாம் போர்டு சும்மாதான் இருக்கிறது, பழைய ரகமானாலும் ஓட்டிப் பாருங்களேன் என்றார்.

ஒன்றுமில்லாததற்கு அதுவாவது ஆகட்டும் என்று மேலே ஓடிவந்து ஐந்தை எடுத்தாள். பழைய ரகத்துக்கு ஏற்றபடி சுற்றை மாற்றி எழுதி, அதைக் கணினி மென்று விழுங்கிப் போர்டில் ஏற்றி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்த ஒன்றரை மணி நேரமும் நாற்காலிக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். கடைசியில் வந்த வேகத்தைப் பார்த்தால் சல்லடை சலிக்கவில்லை, கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. இந்தப் படத்தைக் கட்டுரையில் போட்டால் எதிரிகள் நன்றி சொல்லிக் கடிதம் எழுதுவார்கள்.

ஐந்தை விட்டுவிட்டு வரிசையைப் பார்த்தாள். அவள் பெயரைக் காணோம்.

தொலைபேசியில் சட்டம் அமைதியாகச் சொன்னார்.

“ஒருத்தருக்கு ஒரு போர்டு மேடம். விதி ஏழு. ஐந்தை எடுத்ததும் பதினேழு வரிசையிலேர்ந்து பேர் போயிடும்.”

“அதை அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?”

“சுவத்துல இருக்கே மேடம்.”

அவள் போனை வைத்தாள். சொல்ல வந்ததைச் சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு விதி இருந்திருக்கும்.

கணவனைக் கூப்பிட்டாள். அவன் வேறொரு அலுவலகத்தில் ஏதோ கூட்டத்தில் இருந்தான். மேசைக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு கிசுகிசுத்தான். சாப்பிட்டாயா என்று கேட்டான். இந்த உலகத்தில் முப்பத்தொன்று என்று ஒரு ஜென்மம் இருக்கும்போது சாப்பாடு எப்படி இறங்கும் என்று அவள் கேட்டாள்.

“யாருன்னே தெரியாது. யார்கிட்ட போய் சண்டை போடுவே? கொஞ்சம் பொறுத்துப் பாரேன்,” என்றான்.

அவன் பொறு என்று சொன்னதும் அவளுக்கு யாரென்று தெரிந்துவிட்டது. வேறு யார், ஐந்தாம் மாடிக் குழுதான். போன வருடம் இவளுடைய குழு வாங்க வேண்டிய பரிசை அவர்கள் வாங்கினார்கள். இவர்களுடைய கட்டுரை போகக் கூடாது என்று வேண்டுமென்றே போர்டைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். நினைக்க நினைக்க எல்லாம் பொருந்தி வந்தது. இப்படிப் பொருந்தி வருகிற நாளில்தான் மனுஷனுக்குப் புத்தி வேலை செய்யாது.

ஐந்தாம் மாடியில் நெட்டை என்று ஒருவன் மட்டும் இருந்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். அவள் மூச்சு வாங்க எதிரில் போய் நின்று, பதினேழை எப்போது விடப்போகிறீர்கள் என்று கேட்டாள்.

“எந்தப் பதினேழு?”

“நடிக்காதீங்க. புது ரகப் போர்டு. அது இல்லாம வேகம் வராதுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.”

நெட்டை ரொட்டியைக் கீழே வைத்தான். தாங்கள் ஒரு வாரமாகப் பழைய போர்டிலேயே தலையை முட்டிக்கொண்டிருப்பதாகவும், புது ரகத்துக்கு அவ்வளவு வேகம் உண்டு என்பதே இப்போதுதான் தெரிகிறது என்றும் நன்றியோடு சொன்னான். சொல்லிக்கொண்டே கணினியைத் தன் பக்கம் திருப்பினான். அவனுக்கும் ஆறு மணிக்குத்தான் கெடு.

அவள் நாலாம் மாடிக்கு இறங்கி வந்து வரிசையில் பெயரைப் போட்டபோது இரண்டாவதாக விழுந்தது. முதல் ஆள் யார் என்று திரை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

மணி ஒன்றரை. அழுகை வருவதற்குள் கோபம் வந்துவிட்டது, நல்லதாகப் போயிற்று. கோபத்தில்தான் அவளுக்கு மூளை தெளியும். போர்டு நேராக நெட்வொர்க்கில் இருக்கிறது. உள்ளே நுழைய முடியாதுதான், ஆனால் வாசலில் நின்று ஒரு வார்த்தை அனுப்பிப் பார்க்கலாமே. உள்ளே என்ன சுற்று ஓடுகிறது என்று வருகிற பதிலிலிருந்து ஊகிக்கலாம்.

‘வணக்கம்’ என்று அனுப்பினாள்.

‘வணக்கம்’ என்று பதினேழு பதில் சொன்னது.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். காலையிலிருந்து இந்தக் கட்டடத்தில் ஒழுங்காகப் பதில் சொன்னது இது ஒன்றுதான். ‘யார் நீ?’ என்று அனுப்பினாள். ‘யார் நீ?’ என்று வந்தது. ‘உனக்கு வெட்கமாக இல்லையா?’ என்று அனுப்பினாள். அதையும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தது. பிறகு ஒரு பத்து நிமிடம் அவள் அனுப்பியவை எதுவும் இங்கே எழுதும்படியாக இல்லை. ஒவ்வொன்றும் எழுத்துப் பிசகாமல் அவளுக்கே திரும்பி வந்தது.

அப்போதுதான் உறைத்தது. உள்ளே ஒரு ஆராய்ச்சியும் நடக்கவில்லை. வந்ததை வந்தபடியே திருப்பி அனுப்புகிற வெறும் சுற்று, அதோடு விளக்கைச் சிமிட்ட ஒரு சின்னப் பிற்சேர்க்கை. வேலை நடப்பது மாதிரி காட்டி இடத்தை மட்டும் பிடித்து வைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் துண்டு போடுகிற அதே வேலை, துண்டுதான் கொஞ்சம் விலை உயர்ந்தது.

எல்லாவற்றையும் அச்செடுத்தாள். திட்டியவற்றைத் தவிர்த்து மீதியை எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் பறந்தாள்.

சட்டம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். அவள் காலை மாற்றி மாற்றி நின்றாள். கடைசியில் அவர் தலையை ஆட்டி, இது விதி பதினொன்று, சந்தேகமே இல்லை என்றார். வேலை செய்யாமல் போர்டைப் பிடித்து வைப்பது குற்றம். ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். அதில் இரண்டு கட்டங்கள் இருந்தன. எச்சரிக்கை என்பது ஒன்று, முழு நடவடிக்கை என்பது மற்றொன்று.

“எச்சரிக்கைன்னா, போர்டை எடுத்து வரிசையில முதல்ல இருக்கிறவருக்குக் குடுத்துடுவோம்,” என்றார். “முழு நடவடிக்கைன்னா, பிடிச்சு வெச்ச ஆளோட குழுவையே சிஸ்டம் ஒரு வாரத்துக்கு எல்லாப் போர்டுக்கும் வெளியே நிறுத்திடும். போர்டு புகார் குடுத்தவங்களுக்கு.”

முதலில் இருப்பது நெட்டை. அவனுக்குப் போர்டை வாங்கிக் கொடுக்கவா அவள் காலையிலிருந்து ஏறி இறங்கினாள்? பேனாவை எடுத்தாள்.

“ஒரு நிமிஷம் யோசிங்க மேடம். குழு எதுன்னு எனக்கும் தெரியாது, சிஸ்டமே அடைச்சுடும். அங்கேயும் உங்கள மாதிரி ஒருத்தர் இருப்பாங்க. அவங்களுக்கும் இன்னிக்கே கடைசி நாளா இருந்தா?”

பேனா நின்றது. யாரோ ஒருத்தி தன்னைப் போலவே சாப்பிடாமல், நாற்காலிக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருப்பது கண்ணுக்கு முன்னால் வந்தது. அவளுக்கும் ஒரு கணவன் இருப்பான், மேசைக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு சாப்பிட்டாயா என்று கேட்பான். பாவமாகத்தான் இருந்தது. அப்புறம் மாதக் கடைசி ஞாபகம் வந்தது. வேலை போனால் அந்த யாரோ ஒருத்தி வந்து தனக்காக அழப்போவதில்லை என்று தோன்றியது. அதோடு துண்டு போட்டது அவர்கள், அவள் இல்லையே.

“எனக்காக யார் யோசிச்சாங்கண்ணா?” என்று கேட்டுவிட்டு முழு நடவடிக்கையில் குறி போட்டாள்.

படிவம் போய்ச் சேர்ந்து, சிஸ்டம் அதைச் சரிபார்த்து முடிக்க மணி மூன்றே கால் ஆகிவிட்டது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தபோதே பதினேழாம் கட்டம் சிவப்பிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து பச்சையானது. பக்கத்தில் அவளுடைய எண் வந்து உட்கார்ந்தது. அவள் எழுந்தே நின்றுவிட்டாள். இரண்டு மணி நேரம் அளக்க, பத்து நிமிடம் படம் வரைய, ஐந்து நிமிடம் அனுப்ப. எல்லாம் போக நேரம் மீதி இருந்தது.

ஐந்தாம் மாடியிலிருந்து நெட்டை இறங்கி வந்து எட்டிப் பார்த்தான். வரிசையில் முதலில் இருந்தும் போர்டு எப்படிக் கைநழுவியது என்று அவனுக்குப் புரியவில்லை. துண்டு போட்ட ஒருவரைக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்குக் கிடைத்த உரிமை என்று அவள் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். நெட்டை உண்மையாகவே அசந்து போனான்.

“ஒரு வாரத் தடையா? கெடு நாள்ல அதைச் செய்யக் கல்மனசு வேணும்,” என்று மரியாதையோடு சொல்லிவிட்டு மேலே போனான்.

அவள் சுற்றைத் தேர்ந்தெடுத்து, ஏற்று என்ற பொத்தானை அழுத்தினாள்.

‘அனுமதி இல்லை.’

கடவுச்சொல்லைத் தப்பாகப் போட்டிருப்பாள். நிதானமாக ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். அனுமதி இல்லை. கணினியை அணைத்துவிட்டு மறுபடி திறந்தாள். அது கண் விழிக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் இரண்டு முறை மேசையைச் சுற்றி வந்தாள். அனுமதி இல்லை. ஐந்தாம் போர்டையாவது தொட முடிகிறதா என்று பார்த்தாள். அங்கேயும் இல்லை. மத்தியானம் ஓடிய அதே ஐந்து.

சட்டத்தைக் கூப்பிட்டாள். தன் திரையில் பதினேழு அவள் எண்ணில்தான் இருக்கிறது, எல்லாம் சரியாகவே தெரிகிறது என்று அவர் சத்தியம் செய்தார். என்னவென்று பார்க்க இதோ மேலே வருகிறேன் என்றார். லிஃப்டில் வராதீர்கள், படியேறி வாருங்கள் என்று அவள் கெஞ்சினாள்.

முப்பத்தொன்று பழிவாங்கிவிட்டது, அவளுக்குச் சந்தேகமே இல்லை. வெளியே தள்ளிய கோபத்தில் போகிற போக்கில் அவளுடைய கணக்கில் எதையோ கிளறிவிட்டுப் போயிருக்கிறார்கள். இதற்கும் ஒரு படிவம் இருக்கும், அதிலும் முழு நடவடிக்கை என்று ஒரு கட்டம் இருக்கும். மணி நாலாக ஐந்து நிமிடம் இருந்தது. எட்டாம் பக்கம் வெள்ளையாகவே கிடந்தது.

போன் அடித்தது. கைடு. பின்னணியில் பெட்டிகள் உருள்கிற சத்தமும் யாரோ அறிவிப்பு படிக்கிற சத்தமும் கேட்டன. தரையிறங்கிவிட்டார். அவருடைய குரலைக் கேட்டதும் அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

“சார், பதினேழு கையில கெடைச்சும் ஏத்த முடியலை, சார். யாரோ நம்மளக் கெடுக்கணும்னே...”

“தெரியும்மா, நானும் இப்பத்தான் பாத்தேன்,” என்றார் கைடு. “கடைசி நாள்ல நீ அல்லாடக் கூடாதுன்னு, நாலு நாள் முன்னாடியே என் பேர்ல அந்தப் பதினேழைத் துண்டு போட்டுப் பிடிச்சு வெச்சிருந்தேன், உன்கிட்ட சொல்ல மறந்தது விமானம் கிளம்பினப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, இறங்கிப் பாத்தா எவரோ புகார் குடுத்து நம்ம குழுவையே ஒரு வாரத்துக்கு வெளியே தள்ளியிருக்காங்க, நீ பதறாதே, அந்தப் புண்ணியவான் யாருன்னு மட்டும் நான் வர்றதுக்குள்ள கண்டுபிடிச்சு வை.”